அணைத்தாலும் மறுபடி எரியும் செக் இன்ஜின் விளக்கு: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை அத்துப்படி. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோகிறோம். அவர் ஸ்கேனரைச் செருகி, ஏதோ ஒரு சென்சாரின் பெயரைச் சொல்லி, விளக்கை அணைத்துக் கொடுக்கிறார். ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்குமாக இரண்டு நாள் ஓட்டுகிறோம், ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலை அதே விளக்கு. இந்த முறை சென்சாரையே மாற்றுகிறோம். சில ஆயிரம் ரூபாய் கரைகிறது. விளக்கு அதற்கும் மசியவில்லை.

இதில் பெரும்பாலும் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அழித்தால் அணைவதும், சில நாள் கழித்துத் திரும்புவதும் அந்த அமைப்பின் இயல்பு. அந்த இயல்பு புரிந்துவிட்டால், எந்தப் பாகத்துக்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கும் முன் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது காரின் சொந்தக்காரருக்கே தெளிவாகிவிடும். ஸ்பேனரைக் கையால் தொட்டதே இல்லை என்பவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

விளக்கு எரிவதற்கு முன் நடப்பது

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை இ.சி.யு. என்பார்கள். உள்ளே போகும் காற்று எவ்வளவு, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூடு எவ்வளவு, ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தியிருக்கிறோம், வெளியேறும் புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறதா என்று பல சென்சார்கள் அதற்கு இடைவிடாமல் தகவல் அனுப்புகின்றன. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு நியாயமான எல்லை கணினியின் நினைவில் இருக்கிறது. இரவு முழுக்கத் தெருவில் நின்ற காரை விடியற்காலையில் ஸ்டார்ட் செய்கிறோம். கூலன்ட் சென்சார் 28 டிகிரி என்று சொன்னால் கணினி நம்பும். மைனஸ் 40 என்று சொன்னால், சென்சாரின் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது என்று முடிவு கட்டும்.

எல்லை மீறலைக் கண்ட மாத்திரத்தில் கணினி பெரும்பாலும் விளக்கைப் போடுவதில்லை. முதலில் நிலுவையில் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கு எரியும். இங்கே ஓட்டம் என்பது, வண்டியை ஸ்டார்ட் செய்து, குறிப்பிட்ட சோதனை நடக்கும் அளவுக்கு ஓட்டி, மறுபடி நிறுத்துவது. அதேபோல் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கு தானாகவே அணைந்துவிடும். பிழைக் குறியீடு மட்டும் இன்ஜின் ஏறத்தாழ 40 முறை ஆறிச் சூடேறும் வரை நினைவில் தங்கியிருக்கும்.

ஸ்கேனரால் அழிக்கும்போது குறியீட்டோடு சேர்ந்து அதுவரை முடிந்த சோதனைகளின் முடிவுகளும் போய்விடுகின்றன. கணினி எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் நிலுவை, இரண்டாவது ஓட்டத்தில் விளக்கு என்று கணக்கிட்டால் அந்த இரண்டு மூன்று நாள் நிம்மதி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில சோதனைகள் எப்போதும் நடப்பதில்லை. சைலன்சர் பாதையில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் நன்றாகச் சூடேறி, வண்டி ஒரே சீரான வேகத்தில் சில நிமிடமாவது ஓட வேண்டும். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் ஜி.ஏ. ரோட்டிலும் ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பே அமையாது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு வரை போய்வந்தால், அந்தச் சீரான ஓட்டத்தில் சோதனை நடந்து முடிந்து விளக்கு எரியும். நெடுந்தூரம் ஓட்டியதால்தான் கெட்டுவிட்டது என்று வீட்டில் பேச்சு எழும். கோளாறு முன்பே இருந்தது. அதைப் பார்க்கக் கணினிக்கு அன்றுதான் சாலை கிடைத்தது.

விளக்கு நிலையாக எரிந்தால் பதறாமல் வீடு வந்து சேரலாம். விட்டுவிட்டு மினுக்கினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்று சொல்வது இதைத்தான். அந்தப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும். வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டுங்கள். அந்த ஒரு விளக்கின் மினுக்கலைப் பொருட்படுத்தாமல் எண்ணூர் விரைவுச்சாலையில் ஓட்டிக்கொண்டே போனால் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலோடு முடிய வேண்டிய செலவு பல மடங்காகும்.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு 2010 ஏப்ரலில் பி.எஸ்.4 மாசு விதிகள் வந்தபோது கார்களில் ஓ.பி.டி. என்ற சுயபரிசோதனை அமைப்பும் கட்டாயமானது. 2013 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்தது. ஆகவே 2013-க்குப் பின் வந்த கார் என்றால், செல்பேசியோடு புளூடூத்தில் இணையும் சிறிய அடாப்டர் ஒன்றே உங்களுக்குப் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் படும் இடத்தில் 16 ஊசி கொண்ட சாக்கெட் இருக்கும். அதில் செருக வேண்டும். அதற்கு முந்தைய கார்களில் அதே வடிவச் சாக்கெட் இருந்தாலும் மலிவான அடாப்டருக்கு அது பதில் சொல்லாமல் போகலாம். அந்தக் கார்களுக்கு நிறுவனத்தின் மொழி பேசும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைத்தான் நாட வேண்டும்.

குறியீடு பி0171 (திரையில் P0171) என்பதுபோல ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களுமாக வரும். பி என்றால் இன்ஜின், கியர் சார்ந்தது. அடுத்த இலக்கம் பூஜ்யம் என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. ஒன்று என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது. மூன்றாம் இடத்தில் 1, 2 வந்தால் காற்றும் பெட்ரோலும், 3 வந்தால் தீப்பொறி, 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பணம் வீணாவது இதற்கு அடுத்த இடத்தில்தான். குறியீட்டின் விளக்கத்தில் ஒரு பாகத்தின் பெயர் வருகிறது என்பதாலேயே அந்தப் பாகம் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவாக இருக்கிறது என்று பொருள். அதைக் கணினிக்குச் சொன்னது ஆக்சிஜன் சென்சார். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறார்கள். மின்கட்டணம் எகிறினால் மீட்டரைக் கழற்றி எறிகிறோமா? எங்கே மின்சாரம் வீணாகிறது என்று தேடுகிறோம். சென்சாரும் சில சமயம் கெடும், மறுக்கவில்லை. ஆனால் அது சொன்ன செய்தி பொய்யென்று நிறுவிய பிறகே அதன்மேல் கைவைக்க வேண்டும்.

அழிப்பதற்கு முன் இன்னொன்றும் செய்துவிடுங்கள். விளக்கு எரிந்த நொடியில் வண்டியின் வேகம், இன்ஜின் சுழற்சி, கூலன்ட் சூடு, இன்ஜின் சுமை ஆகியவற்றைக் கணினி உறையவைத்துச் சேமிக்கிறது; அதற்கு ஃபிரீஸ் ஃபிரேம் என்று பெயர். திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. காலைக் குளிரில் ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது வந்ததா, மேம்பாலம் ஏறும்போது வந்ததா என்பது அதில் இருக்கும். அழித்தால் இதுவும் போய்விடும்; பல கார்களில் பேட்டரி ஒயரைக் கழற்றினாலும் போய்விடும். "அண்ணா, அழிப்பதற்கு முன்னால் அந்தத் திரையை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல மெக்கானிக் தானே எடுத்து அனுப்பிவிடுவார்.

ஒரு பி0171, கிட்டத்தில்

காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் ஓர் அண்ணனின் பெட்ரோல் கார். பி0171 அழித்தால் போகும், திரும்பி வரும். ஆக்சிஜன் சென்சார் ஏற்கெனவே புதிது. நாங்கள் பார்த்தது ஃபியூல் டிரிம் என்ற இரண்டு எண்களை மட்டும்.

தூய பெட்ரோல் ஒரு கிலோ முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கணினி தன் கணக்குப்படி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால், பெட்ரோல் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. அப்படிச் சேர்த்தது, குறைத்தது எத்தனை சதவீதம் என்பதுதான் ஃபியூல் டிரிம். அந்த நேரத்துத் திருத்தம் ஒன்று, பழகிப்போன நீண்டகாலத் திருத்தம் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. சுமார் 20, 25-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் கணினி கைவிரித்துக் குறியீட்டை எழுதும்.

அண்ணனின் கார் ஐடிலிங்கில் நின்றபோது கூட்டுத்தொகை 25. ஆக்சிலரேட்டரைப் பிடித்து 2,500 சுழற்சிக்குக் கொண்டுவந்தபோது 5. இந்த இறக்கமே விடையைச் சொல்லிவிட்டது. ஐடிலிங்கில், காற்று நுழையும் கதவான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். உள்ளே உறிஞ்சும் விசை மிக அதிகம். போகும் மொத்தக் காற்றோ குறைவு. அப்போது ஏதாவது ஹோஸில் ஒரு வெடிப்பு இருந்தால் அதன் வழியே அளக்கப்படாமல் நுழையும் காற்று பெரிய பங்காகிவிடும். சுழற்சி ஏறினால் முறையான காற்று பெருகி, கசிவு அற்பமாகிவிடும்.

பிறகு டார்ச் விளக்கும் விரல்களும்தான். இன்ஜின் மூடியிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் மேலே பார்த்தால் கறுப்பாக, முழுசாகத்தான் இருந்தது. வளைவின் அடிப்பக்கத்தை விரலால் தடவியபோது நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு தட்டுப்பட்டது. இன்ஜின் சூட்டில் பல வருடம் வெந்து ரப்பர் பிஸ்கட்போல மொறுமொறுத்திருந்தது. ஒரு துணியைச் சுற்றிக் கட்டிங் பிளேயரால் ஹோஸை மெல்ல நெரித்ததும் ஐடிலிங்கின் சத்தம் மாறியது, திரையில் டிரிம் சரசரவென இறங்கியது. ஹோஸின் விலை, மாற்றிய சென்சாரின் விலையில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

இதே குறியீடு வேறு காரில் தலைகீழாகவும் வரும். ஐடிலிங்கில் டிரிம் சாதாரணமாக இருந்து, மேடு ஏறும்போதும் வேகமெடுக்கும்போதும் உயர்ந்தால், பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். டேங்கில் உள்ள பம்ப், ஃபில்டர், அல்லது புழுதி படிந்து காற்றைக் குறைத்துச் சொல்லும் ஏர்ஃபுளோ சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கன்டெய்னர் லாரிகளின் புழுதிக்கு நடுவே தினமும் ஓடும் கார்களில், சரியாகப் பொருந்தாத மலிவு விலை ஏர் ஃபில்டர் இந்தக் கடைசி வேலையைச் செய்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: காற்றை நேரடியாக அளக்காமல், மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் சிறிய கார்கள் ஏராளம். அவற்றில் ஹோஸ் வெடித்தால் டிரிம் இவ்வளவு ஏறாது. ஐடிலிங் தாறுமாறாக உயர்ந்து நிற்கும்.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டியிருக்கிறது. அதனால் பழைய கார்களில் டிரிம் சில சதவீதம் மேலேறியே நிற்கும். ஏற்கெனவே சிறு கசிவு இருந்த வண்டிக்கு, வரம்பைத் தாண்ட அந்தச் சில சதவீதம் போதும்.

உப்புக் காற்றும் எர்த் ஒயரும்

வடசென்னையில் ஓடும் காருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது சென்சாரை அல்ல, எர்த்தை. திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் கடலோரத் தெருக்களில் நிற்கும் வண்டிகளின் பேட்டரி முனைகளையும் ஒயர் இணைப்புகளையும் உப்புக் காற்று அரிக்கிறது. பேட்டரியின் நெகடிவ் முனையிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் தடித்த ஒயரின் போல்ட்டைக் கழற்றினால், வெளியே துருவில்லாமல் இருந்தாலும் ஒயர் முனையிலுள்ள உலோக வளையத்தின் (லக்) உட்பக்கத்தில் பச்சைக் களிம்பு பொடியாக உதிரும். அந்தக் களிம்பு மின்சாரத்துக்குத் தடை. சென்சார்கள் அனுப்புவது மிகச் சிறிய மின்னழுத்தம். பழைய ஆக்சிஜன் சென்சார்கள் 0.1 முதல் 0.9 வோல்ட்டுக்குள்தான் பேசுகின்றன. எர்த்தில் கால் வோல்ட் தொலைந்தாலே கணினிக்குக் கணக்குத் தப்பக்கூடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நான்கு குறியீடுகள் ஒரே சமயத்தில் வந்தால், அத்தனை சென்சாரும் ஒன்றாகச் செத்துவிட்டன என்று நம்பாதீர்கள். பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், எர்த், பிறகு பல சென்சார்கள் பகிர்ந்துகொள்ளும் ஐந்து வோல்ட் ஒயர் என்ற வரிசையில் தேடச் சொல்லுங்கள்.

சோதனை எளிது. இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவ்விலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் அந்த ஒயரைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்ட வேண்டும். அப்படியே பேட்டரியின் இரு முனைகளையும் அளந்துவிடுங்கள்: ஓடும்போது ஏறத்தாழ 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும்.

மழைக்காலத்தில் மட்டும் எரியும் விளக்கு தனி வகை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற தாழ்வான இடங்களில் தேங்கும் நீரில் இறங்கி ஏறிய வண்டியில், கீழே ஒயர்களை இணைக்கும் கப்ளருக்குள் நீர் புகுந்து, காய்ந்து, படிவத்தை விட்டுவிடும். விளக்கு எரிவது சில வாரம் கழித்துக்கூட இருக்கலாம். கப்ளரைக் கழற்றி ஊசிகளைப் பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்தாலே பாதி வழக்குகள் முடிந்துவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இருக்கைக்கடியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. சில கார்களில் கணினியும் ஒயரிங்கும் அங்கேதான் இருக்கின்றன. எலி கடித்த ஒயரும் இதே சாயலில் வரும்.

ஒயரிங் கப்ளர் உடைந்துவிட்டால் புதுப்பேட்டையில், ஒயரோடு வெட்டியெடுத்த கப்ளர் கிடைக்கும். அது பிரமாதமான தீர்வு. அங்கே பழைய ஆக்சிஜன் சென்சார் வாங்குவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். அது தேய்ந்து தீரும் பொருள்.

இன்னும் சில குறியீடுகள், சுருக்கமாக

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 இரண்டாவது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள காரில் இதைக் கண்டுபிடிக்கக் காசே வேண்டாம். முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றி மாட்டி ஓட்டுங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் பி0301 ஆகவே இருந்தால் பிளக்கை அதேபோல் மாற்றிப் பாருங்கள். அதன் பிறகுதான் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தமான கம்ப்ரெஷன்.

பி0420 கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைச் சொல்வது. புதியதன் விலை மயக்கம் வரவழைக்கும். அதனால் முதலில் சைலன்சர் பாதையில் கசிவு இருக்கிறதா, இன்ஜின் ஆயில் குடிக்கிறதா, மிஸ்ஸிங் பழைய கதையாக இருந்ததா என்று பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டுக் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போகும்.

வெயிலுக்குப் பயந்து, கூலன்ட்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. அதனால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும், இன்னும் ஆறியே இருக்கிறது என்று எண்ணிக் கணினி பெட்ரோலைக் கூடுதலாகக் கொட்டும், மைலேஜ் விழும், பி0128 எழுதப்படும். இன்ஜின் கொதிக்கிறதென்றால் ரேடியேட்டரையும் ஃபேனையும் சரி செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டை மறுபடி மாட்டச் சொல்வதில் பிடிவாதமாக இருங்கள்.

அமெரிக்க வீடியோக்களில் முதல் ஆலோசனையாக வரும் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கும் வேலை, நம் பழைய கார்கள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. அந்தக் கசிவுச் சோதனை இவற்றில் இல்லை.

பழுது தீர்ந்ததா என்று பார்ப்பது

விளக்கு அணைந்திருப்பதை ஆதாரமாக ஏற்காதீர்கள்; அழித்தால் எந்த விளக்கும் அணையும். சரிசெய்த பிறகு வழக்கமான தெருக்களில் ஒருமுறை, பிறகு மீஞ்சூர்ப் பக்கமோ வேறெங்கோ சீரான வேகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். இடையே வண்டி முழுதாக ஆறட்டும். அதன் பிறகு அடாப்டரைச் செருகி மூன்றைப் பாருங்கள்: சோதனைகள் முடிந்துவிட்டன என்று காட்டுகிறதா, நிலுவையில் ஏதாவது குறியீடு நிற்கிறதா, ஃபியூல் டிரிம் ஐடிலிங்கிலும் ஓட்டத்திலும் பத்துக்குள் இருக்கிறதா. நிலுவையில் பழைய குறியீடே நின்றால் விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே ஃபிரீஸ் ஃபிரேம் படத்தோடு மெக்கானிக்கிடம் போய், எந்த நேரத்தில், எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் வந்தது என்று சொல்லித் தேடலை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.